என் கையில் ஒரு ஷார்ட் சர்க்யூட்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை வராத நான் என்னத்தை எழுதுவது என்று யோசித்தேன். "ஏய், உன் கையப் பத்தி எழுதேன். உன்கிட்ட கேக்கப் பயந்துக்கிட்டு எல்லாரும் எங்ககிட்ட வந்து கேக்குறாங்க" என்றார்கள் என் பெஞ்ச் தோழிகள். நியாயம்தானே! கேட்கத் தயங்கிய அத்தனை பேருக்கும் மொத்தமாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய், வியாழன், சனி என்றால் மதியத்துக்கு மேல் நான் ஏன் காணாமல் போகிறேன்? செகண்ட் இயர் முழுக்க வெயில் காலத்தில்கூட ஏன் கழுத்தைச் சுற்றித் துப்பட்டா? இப்போது இடது கையில் ஏன் வாட்சும் இல்லை, வளையலும் இல்லை? அந்தக் கையில் கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு ஓடுவது என்ன? எல்லாக் கேள்விக்கும் விடை ஒன்றுதான். எனக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று தடவை ராமநாதபுரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறேன்.

ஐயோ பாவம் என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். அதற்காக இதை எழுதவில்லை. டயாலிசிஸ் என்றதும் எல்லோரும் அந்த மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அதில் படுத்தவர்களைக் கேட்டால் வேறொன்று சொல்வார்கள்: மெஷினைவிடப் பெரிய விஷயம் ரத்தம் வெளியே போய்த் திரும்பும் வழி. அந்த வழி கழுத்துக் குழாயா, கை நரம்பா? இரண்டையும் அனுபவித்தவள் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது பிறவியிலேயே இருந்த குறை. சிறுநீர்ப்பையில் இறங்கிய சிறுநீர் மறுபடி மேலே ஏறக்கூடாது. நம் வீட்டு மோட்டார் பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே, அதே மாதிரி ஓர் அமைப்பு அங்கேயும் உண்டு. எனக்கு அது சரியாக அமையவில்லை. சின்ன வயதில் அடிக்கடி காய்ச்சல் வரும், போகும். சூட்டுக் காய்ச்சல் என்று இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். உள்ளே ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு தழும்பை விட்டுப் போனது யாருக்கும் தெரியாது. முதலாண்டு முடிகிற நேரம் முகம் வீங்கியது, சாப்பாடு குமட்டியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்து கிளினிக் ஒன்றில் இடது கையில் நாலு நாள் ட்ரிப் ஏற்றினார்கள். ஐந்தாவது நாள் மதுரைக்குக் கொண்டு போனபோது ரத்த அழுத்தம் 200, கிரியாட்டினின் 11. ஒன்றுக்குக் கிட்டே இருக்க வேண்டிய எண் அது!

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். சிறுநீரகம் அதில் ஒரு மணி நேரம்கூட லீவு எடுக்காது. தினமும் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பிக் கொடுக்கிறது. அதற்குப் பதிலாக எனக்குக் கிடைப்பது நான்கு நான்கு மணி நேரமாக வாரம் 12 மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் மெஷினுக்குள் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் 120 லிட்டர் சுத்தமான நீர் ஓடுகிறது. தங்கச்சிமடத்தில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு எட்டுக் குடமா என்று முதல் நாள் எனக்கு வாய் அடைத்துப் போனது.

தண்ணீரை ஆர்.ஓ. பிளாண்ட் கொடுத்துவிடும். ரத்தத்தை யார் கொடுப்பது? மெஷின் நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தம் கேட்கிறது. கையில் பச்சையாகத் தெரிகிற சிரைகளில் ரத்தம் சோம்பேறித்தனமாகத்தான் ஓடும். பம்ப் இழுத்தால் சுவர் ஒட்டிக்கொள்ளும். தமனியில் வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் கிடக்கிறது. வாரம் மூன்று தடவை அதைக் குத்தினால் அது தாங்காது.

இந்த முடிச்சுதான் உலகத்தையே இருபது வருஷம் காக்க வைத்தது. 1943-ல் ஹாலந்து நாட்டில், யுத்தத்துக்கு நடுவே, வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் செலோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும். வெட்ட இடம் தீர்ந்தால் வைத்தியமும் தீர்ந்தது. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் தமனியிலும் சிரையிலும் டெஃப்லான் குழாய் வைத்து, இரண்டையும் கைக்கு வெளியே ஒரு வளைவாக இணைத்தார். ஆம், நம் தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்லான்தான்! க்ளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷின் ஷாப் தொழிலாளி அதை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் வாழ்ந்தார். ஆனாலும் வெளியே நிற்கிற குழாயில் ரத்தம் உறையும், கிருமி ஏறும். 1966-ல் நியூயார்க்கில் பிரெஷியா, சிமினோ, ஆப்பெல் முதலிய டாக்டர்கள் வேறு வழியை வெளியிட்டார்கள். குழாயே வேண்டாம், உடம்புக்குள்ளேயே தமனியைச் சிரையோடு தைத்துவிடலாம்! இதுதான் ஃபிஸ்டுலா.

நம் நாட்டில் இந்த வைத்தியத்தைப் பலரும் முதன்முதலாகக் கேள்விப்பட்டது ஜெயப்பிரகாஷ் நாராயண் மூலமாகத்தான். நெருக்கடி நிலைக் காவலிலிருந்து 1975 நவம்பரில் வெளிவந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் பழுதாகியிருந்தன. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர் பிற்பாடு சென்னைக்கு வந்த டாக்டர் எம்.கே. மணி. 1979 அக்டோபரில் காலமாகும் வரை ஜே.பி. டயாலிசிஸில்தான் வாழ்ந்தார். அந்த நடுவில்தான் ஒரு மத்திய அரசே மாறியது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டயாலிசிஸ் பேஷண்ட் என்றால் மூலையில் படுத்துக் கிடப்பவர் என்று யார் சொன்னது?

என் கதைக்கு வருகிறேன். அவசரத்துக்கு ஃபிஸ்டுலா ஆகாது. அது தயாராக வாரக்கணக்கில் நேரம் வேண்டும். எனக்கோ அன்றிரவே டயாலிசிஸ் வேண்டும். ஆகவே கழுத்தில் வலது பக்கப் பெரிய சிரை வழியாக கதீட்டர் போட்டார்கள். முதலில் தற்காலிகக் குழாய். பிறகு அதை எடுத்துவிட்டு, தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓட்டி நெஞ்சில் வெளியே வருகிற நீண்ட நாள் குழாய். வார்டில் 'பெர்ம்கேத்' என்பார்கள். உள்ளே அதன் முனை இதயத்தின் வலது மேலறை வாசலில் நிற்கும். வெளியே சிவப்பு மூடி ஒன்று, நீல மூடி ஒன்று. சிவப்பில் ரத்தம் போகும், நீலத்தில் திரும்பி வரும்.

உண்மையைச் சொல்கிறேன், கதீட்டர் சுகமானது! ஊசியே இல்லை. மூடியைத் திறந்து மாட்டினால் முடிந்தது. திருவிழாப் பந்தலுக்கு போஸ்டிலிருந்து தற்காலிக கனெக்ஷன் இழுக்கிறோமே, அது மாதிரி. அன்றைக்கே விளக்கு எரியும். அந்தக் குழாய் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆனால் பந்தல் கனெக்ஷனை வைத்து யாராவது குடித்தனம் நடத்துவார்களா? ஐந்து மாதம் நான் நடத்தினேன். நனையக்கூடாது என்பது முதல் சட்டம். அப்பா வள்ளத்தில் போகிறவர். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியும். ஐந்து மாதம் நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, கடலில் கால் நனைக்கவும் அம்மா விடவில்லை. மல்லாந்து படுத்தால் குழாய் இழுக்கும், கவிழ்ந்து படுத்தால் அழுத்தும். பாம்பன் பாலத்துக் காற்றில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் துப்பட்டா பறந்து கட்டு தெரியும். அதனால் உள் சீட்டுதான்.

நான்காவது மாதம் ஒரு வியாழக்கிழமை. மெஷின் ஓட ஆரம்பித்து அரை மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. குழாயில் கிருமி! அது கையில் வந்த புண் மாதிரி அங்கேயே நிற்காது. குழாயின் மறுமுனை இதயத்தில் அல்லவா இருக்கிறது? நேராக ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போய்விடும். இரண்டு வாரம் ஊசி மருந்து, பழைய குழாயை மாற்றிப் புதுக் குழாய். பக்கத்துப் படுக்கையில் வழக்கமாக எனக்குப் பழைய வார இதழ் கொடுக்கிற அக்கா ஒருவர் அதே மாதம் அதே மாதிரிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஆறு வயதில் ஒரு பையன்.

அதன்பிறகு டாக்டரம்மா விடவில்லை. "ஃபிஸ்டுலா போட்ருவோம். இனிமே தள்ளக்கூடாது. குழாய் ரொம்ப நாள் கிடந்தா அந்தப் பெரிய சிரையே உள்ளுக்குள்ள சுருங்கிப்போகும். அப்புறம் கையில ஃபிஸ்டுலா போட்டாலும் ரத்தம் திரும்பி வரப் பாதை இருக்காது" என்றார்.

மறுத்தது நானல்ல, அம்மா. "கழுத்துல இருக்கது துப்பட்டா போட்டா மறைஞ்சிரும் புள்ள. கையில புடைச்சுக்கிட்டு நின்னா ஊருக்கே தெரியுமே. நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்று அழுதது. அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய் பீடி பற்ற வைத்தார். அம்மாவைக் குறை சொல்லத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு உயிர் தெரிந்தது. அதன் கண்ணுக்கு உயிரும் தெரிந்தது, அதற்கப்புறம் வரப்போகிற வாழ்க்கையும் தெரிந்தது.

டாக்டரம்மா அம்மாவை உட்கார வைத்துப் பேசினார். தைத்தவுடன் ஊசி போட முடியாது, ஆறு எட்டு வாரம் சிரை பருத்துத் தடிக்க வேண்டும், அதுவரை கழுத்துக் குழாய் இருக்கும் என்றார். அம்மா தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குச்சி வேர் பிடிக்கிற வரைக்கும் நாங்க பிடுங்கிப் பாக்க மாட்டோம் டாக்டரம்மா, அந்த மாதிரியா?" என்று கேட்டது. "அதே மாதிரிதாம்மா" என்றார் அவர். அப்புறம் அம்மா அழவில்லை. சம்மதம் என்று வாய் திறந்து சொல்லவுமில்லை. மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து மதுரைக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தது.

எழுதாத கைதான் முதல் தேர்வு. எனக்கு இடது கை. ட்ரிப் ஏற்றிய இடத்தில் ஒரு சிரை கட்டிப்போய்விட்டதால் ஸ்கேன் பார்த்து வேறு இடம் தேட வேண்டியிருந்தது. நல்லவேளை, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று தேறியது. மரத்துப்போக ஊசி போட்டு, நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே சிரையை வெட்டித் தமனியின் பக்கவாட்டில் தைத்தார்கள்.

நம் துறைத் தோழர்களுக்கு நம் மொழியில் சொல்கிறேன். தமனி சப்ளை லைன், அழுத்தம் சராசரி 100 மில்லிமீட்டர் பாதரசம் அளவு. சிரை ரிட்டர்ன் லைன், அழுத்தம் 10-க்குள். நடுவில் லட்சக்கணக்கான நுண்குழாய்கள்தான் லோடு, ரெசிஸ்டன்ஸ். ஃபிஸ்டுலா என்றால் அந்த லோடைத் தாண்டிச் சப்ளையையும் ரிட்டர்னையும் நேராக ஷார்ட் செய்வது! ரெசிஸ்டன்ஸ் போனால் கரண்ட் எகிறும் என்று முதல் செமஸ்டரிலேயே படித்தோமே, அப்படி ரத்த ஓட்டமும் எகிறுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். நம் லேபில் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும், வயர் உருகும். சிரை உருகாது. கூடுதல் ஓட்டத்துக்குத் தகுந்த மாதிரித் தானாகவே விரிந்து, சுவரைத் தடித்துக்கொள்கிறது. கேபிள் தன் சைஸைத் தானே கூட்டிக்கொள்கிறது! எந்தக் கம்பெனி வயர் இதைச் செய்யும்?

ஃபிஸ்டுலா தேறிவிட்டதா என்று பார்க்க ஆறு ஆறாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் பார்க்கும்போது சிரை 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்குக் கீழே 6 மில்லிமீட்டருக்குள் ஆழம், ஓட்டம் நிமிடத்துக்கு 600 மில்லி. இதற்காக நான் கிளாஸில் உட்கார்ந்துகொண்டே ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து "யாரு மேல கோவம்?" என்று கேட்ட தோழருக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும்!

எல்லோருக்கும் தேறுவதில்லை. சிலருக்கு ஓட்டம் வராமலே போகும், சிலருக்கு உறைந்து நின்றுவிடும், மறுபடி வேறிடத்தில் போட வேண்டும். அந்த ஏழு வாரமும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலை வலது கை விரலை இடது மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பதுதான். உள்ளே 'உர்ர்ர்' என்று ஒரு அதிர்வு இருக்க வேண்டும். ஒருநாள் அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம வள்ளத்து இன்ஜின் கணக்கா ஓடுது தாயி" என்றார். அவர் அவ்வளவு நாளில் என் நோயைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது.

எட்டாவது வாரம் முதல் ஊசி. ஊசி என்றால் ரத்தப் பரிசோதனை ஊசி அல்ல, கோணி ஊசியைப் பார்த்த மாதிரி இருக்கும். தடவைக்கு இரண்டு, வாரத்துக்கு ஆறு, வருஷத்துக்கு 312. அன்றைக்கு வலியில் நான் கத்தியதும் டெக்னீஷியன் அண்ணன், "கத்து தங்கச்சி, நல்லாக் கத்து. மூணு மாசம் கழிச்சு நீயே எனக்கு எங்க குத்தணும்னு சொல்லுவே" என்றார். சொல்கிறேன்! ஒரே இடத்தில் குத்தினால் அந்த இடம் பலூன் மாதிரி உப்பும். ஏணிப்படி மாதிரி இடம் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும்.

இரண்டு வாரம் கைவழி ஒழுங்காக ஓடியபின் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். புண் ஆறியதும் அம்மாவே சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றியது. அந்த ஞாயிறு கடலில் கழுத்தளவு நின்றேன். அதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை.

ஆக, ஃபிஸ்டுலாதான் எல்லோருக்கும் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. எங்கள் யூனிட்டில் ஒரு தாத்தாவுக்கு இதயம் பலவீனம். ஃபிஸ்டுலா போட்டால் கூடுதல் ஓட்டத்தை அந்த இதயம்தான் தள்ள வேண்டும். அவருக்குக் கழுத்துக் குழாயே சரி என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2003-ல் ஃபிஸ்டுலாவுக்கே முதலிடம் என்று பெரிய இயக்கமே நடத்தினார்கள். 2019-ல் வந்த வழிகாட்டு நெறியில், ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, அவர் வாழ்க்கையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். ஆனால் என் மாதிரி இளவயதுக்காரர்களுக்கு, சிரை நன்றாக இருப்பவர்களுக்கு, சொந்தச் சிரையை மிஞ்சிய குழாய் இல்லை. ஜப்பானில் டயாலிசிஸ் செய்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் ஃபிஸ்டுலாவில்தான் இருக்கிறார்கள்.

என் கையும் இலவசமாக வரவில்லை. இடது கையில் கனமான குடம் தூக்க முடியாது. அந்தக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்க முடியாது. எப்போதாவது ஊசி போட்ட இடத்தில் ரத்தம் பீறிட்டால் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தப் பயம் இரவில் உண்டு. வீட்டில் கருவாடு வறுத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். உப்பு ஆகாது. ஊர் முழுக்கத் தென்னை, இளநீர் ஆகாது. பொட்டாசியம்! அம்மாவுடைய ரத்த வகை சேரவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கு அரசுப் பட்டியலில் பதிந்து வைத்திருக்கிறோம். பெண் கேட்டு யாரும் வரவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவுமில்லை.

தோழர்களே, இவ்வளவு எழுதியது உங்களிடம் சில விஷயங்கள் கேட்பதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பாருங்கள். யாருக்காவது சிறுநீரகம் குறைந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்னால், டயாலிசிஸ் வரும்வரை காத்திருக்காமல் "ஃபிஸ்டுலா எப்போ போடணும்?" என்று நீங்களே கேளுங்கள். அமெரிக்காவிலேயே ஐந்தில் நான்கு பேர் கழுத்துக் குழாயோடுதான் ஆரம்பிக்கிறார்கள். நேரத்தில் கேட்காததும் சொல்லாததும் அதற்கு ஒரு பெரிய காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதாத கையில் ட்ரிப் ஏற்றவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள். புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு சிரைதான் நாளைக்கு அவர்களுடைய உயிர்வழி. செலவுக்குப் பயந்து யாரும் மறைக்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. என்னுடையதும் அதில்தான் ஓடுகிறது.

கடைசியாக, என் சொந்தக் கோரிக்கை. காரிடாரில் பின்னாலிருந்து ஓடி வந்து கையைப் பிடித்து இழுக்கிற தோழிகள் வலது கையைப் பிடித்து இழுங்கள். இடது கையைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டுவிட்டுத் தாராளமாகத் தொடலாம். ஐந்தாவது செமஸ்டரில் எனக்கு அரியர் ஒன்றும் இல்லை!

– மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை